மாதம் 1,500 ரூபாய் கூடுதலாக: சிறுதானியமா, பயறும் முட்டையுமா, காய்கறியா, செக்கு எண்ணெயா?

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்ததும், அல்லது இடுப்புச் சுற்றளவு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும், சாப்பாட்டுக்காக மாதம் ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ கூடுதலாக ஒதுக்கப் பல குடும்பங்கள் முன்வருகின்றன. அந்தப் பணத்தை எதில் போடுவது என்பதில்தான் குழப்பம். அரிசியை விட்டுச் சாமைக்கு மாறச் சொல்கிறார் ஒருவர். எண்ணெயை மாற்று என்கிறார் இன்னொருவர். முட்டை கொடு என்கிறார் மூன்றாமவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால் எதிலும் பலன் தெரியாது. இரண்டு மாதத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உடல் நிறை குறியெண் (உயரத்தோடு எடையை ஒப்பிடும் BMI அளவு) 25-க்கு மேல், அதாவது எடை கூடுதலாக உள்ளவர்கள் 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30.9 சதவீதம். 2019-21 கணக்கெடுப்பில் 40.4 சதவீதம். ஆண்களில் 28.2-லிருந்து 37 ஆகிவிட்டது. அதே கணக்கெடுப்பில் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகையும் இருக்கிறது. எடை கூடுவதும் சத்துக் குறைவும் ஒரே உடம்பில் சேர்ந்து நிற்பதற்கு மனவலிமைக் குறைவு காரணமல்ல. ஒரு ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தாலே காரணம் விளங்கும்.

முதலில் விலைக் கணக்கு

கீழே கணக்குக்கு எடுத்துக்கொண்டவை சாதாரணச் சில்லறை விலைகள். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக் கணக்கிடுங்கள். வரிசை பெரிதாக மாறாது.

| பொருள் | விலை | 1 ரூபாய்க்குக் கலோரி | 1 கிராம் புரதத்தின் விலை |
|---|---|---|---|
| ரேஷன் பாமாயில் | லிட்டர் 25 | 330 | புரதம் இல்லை |
| ரேஷன் சர்க்கரை | கிலோ 25 | 160 | புரதம் இல்லை |
| ரேஷன் துவரம்பருப்பு | கிலோ 30 | 110 | 14 பைசா |
| கேழ்வரகு | கிலோ 50 | 64 | 69 பைசா |
| கடைப் புழுங்கலரிசி | கிலோ 60 | 58 | 77 பைசா |
| பிஸ்கட் (50 கிராம்) | 5 | 45 | 1.40 ரூபாய் |
| கொள்ளு | கிலோ 80 | 41 | 37 பைசா |
| கறுப்புக் கொண்டைக்கடலை | கிலோ 90 | 32 | 48 பைசா |
| சாமை | கிலோ 110 | 31 | 1.10 ரூபாய் |
| பால் (சமன்படுத்தியது) | லிட்டர் 40 | 14 | 1.30 ரூபாய் |
| முட்டை | ஒன்று 6.50 | 11 | 1.10 ரூபாய் |
| காய்கறி (கலந்து) | கிலோ 40 | 6 | 2.30 ரூபாய் |

எண்ணெயிலும் சர்க்கரையிலும் கலோரி மலிவு. காய்கறியில் அது ரேஷன் பாமாயிலைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் விலை கூடியது. பணம் இறுகும்போது எந்தக் குடும்பமும் மலிவான கலோரியில்தான் வயிற்றை நிரப்பும். இலவச அரிசி பசியைப் போக்கியது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அரிசியில் மிச்சமான பணம் தட்டில் வேறு என்னவாகத் திரும்பி வருகிறது என்பதில்தான் உடல்நலம் இருக்கிறது.

எதை வைத்து எடைபோடுவது

பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் உள்ள வீடு. மாதம் 30 கிலோ அரிசி, ஐந்து லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று கொள்வோம். கூடுதல் 1,500 ரூபாய் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை ரூபாய். ஒவ்வொரு வழியிலும் இவற்றைப் பார்க்க வேண்டும்:

- ஆளுக்கு நாளொன்றுக்குப் புரதமும் நார்ச்சத்தும் எத்தனை கிராம் கூடுகின்றன?
- மொத்தக் கலோரி குறைகிறதா, கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா?
- வெளியே தெரியாத செலவு என்ன? கேஸ், நேரம், அழுகிப் போவது, எல்லாம் செலவுதான்.
- ஆறு மாதம் கழித்தும் வீட்டில் சாப்பிடுவார்களா?

ஒப்பிட ஓர் அளவுகோலும் வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டை விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் தானியமும் எண்ணெயும் இந்த அளவை எட்டிவிடுகின்றன அல்லது தாண்டிவிடுகின்றன. பருப்பும் காயும் பாதியைக்கூடத் தொடாத வீடுகள் ஏராளம்.

வழி 1: அரிசிக்குப் பதில் சிறுதானியம்

1,500 ரூபாய்க்குச் சாமை 13.6 கிலோ கிடைக்கும். அதே அளவு ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டு இதைச் சமைத்தால், ஆளுக்கு நாளொன்றுக்குப் புரதம் இரண்டரை கிராமும் நார்ச்சத்து நாலரை கிராமும் கூடும். கலோரி ஏறத்தாழ அப்படியே இருக்கும். 100 கிராம் சாமையில் 346 கலோரி, புழுங்கலரிசியில் 351. சாமைச் சோறு தின்றால் எடை குறையும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் ஆட்டங்காண்கிறது. அளவு குறைந்தால்தான் எடை குறையும்.

நார்ச்சத்துக் கணக்கும் தவிடு நீக்காத தானியத்துக்கே பொருந்தும். பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் சாமை, வெளுத்த மஞ்சளில் இருக்கும் தினை எல்லாம் தீட்டியவை. நார்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டோடு போய்விடும். அதைக் கிலோ 110 கொடுத்து வாங்குவது அரிசியையே இரட்டை விலைக்கு வாங்குவது போலத்தான். தீட்டாத சாமை பழுப்பும் சாம்பலும் கலந்து மங்கலாகத் தெரியும், விரலால் தேய்த்தால் தவிட்டுத்தூள் ஒட்டும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேர்த்து வாங்காதீர்கள். அரை மணி நேரம் ஊறவைத்து ஒன்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர் வைக்க வேண்டும். அரிசிக்கு வைக்கும் தண்ணீரையே வைத்தால் தொண்டையில் அடைக்கும், பிள்ளைகள் அடுத்த முறை தட்டையே தள்ளிவிடுவார்கள்.

கேழ்வரகும் கம்பும் இதற்கு விலக்கு. கிலோ 50 ரூபாய் அளவில் கிடைப்பவை, பெரும்பாலும் தவிட்டோடு முழுதாக அரைபடுபவை. அதே 13.6 கிலோவுக்கு 680 ரூபாய்தான் ஆகும், நார்ச்சத்தோ எட்டரை கிராம் கூடும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் வேறு. புரதம் மட்டும் அரிசியைவிடச் சற்றுக் குறைவு, கம்பில் அரிசியைவிடக் கூடுதல். சிறுதானியத்துக்குத்தான் பணம் என்று முடிவெடுத்தவர்கள் இந்த இரண்டிலிருந்து தொடங்கட்டும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-லிருந்து அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகை ரேஷனிலேயே வாங்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அங்கே இது செலவே இல்லாத மாற்றம். மாவை மெல்லிய சல்லடையில் சலித்துக் கப்பியைக் கொட்டிவிடாதீர்கள், காசு கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான். கேழ்வரகுக் கஞ்சியில் ஆளுக்கு நான்கு கரண்டி சர்க்கரை போட்டால் மாற்றத்தின் பலன் அங்கேயே கரைந்துவிடும்.

வழி 2: பயறு, கடலை, முட்டை

1,500 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்: கறுப்புக் கொண்டைக்கடலை 3 கிலோ (270), பச்சைப்பயறு 2 கிலோ (240), நிலக்கடலை ஒன்றரை கிலோ (210), முட்டை 120, அதாவது ஆளுக்கு தினம் ஒன்று (780).

இதில் ஆளுக்கு நாளொன்றுக்கு 17 கிராம் புரதமும் 10 கிராம் நார்ச்சத்தும் வருகின்றன. கூடவே 255 கலோரியும் வருகிறது. முட்டையும் சுண்டலும் சேர்த்துவிட்டு, சோற்றை எப்போதும்போல் வடித்தால் எடை கூடத்தான் செய்யும். "சத்தாகச் சாப்பிடத் தொடங்கியும் எடை ஏறிவிட்டதே" என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

255 கலோரி என்பது 73 கிராம் அரிசி. நான்கு பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 290 கிராம், அதாவது இரண்டு ஆழாக்கு. உலை வைக்கும்போதே இதைக் குறைக்க வேண்டும். வடித்தபின் குறைத்துச் சாப்பிடலாம் என்றால் நடக்காது, மிஞ்சும் சோறு யார் வயிற்றிலாவது போகும். அது பெரும்பாலும் சமைத்தவரின் வயிறுதான். இப்படி அரிசியைக் கழித்த பிறகும் நிகரமாகப் புரதம் 12 கிராமும் நார்ச்சத்து ஏழரை கிராமும் கூடி நிற்கும். சாமையில் கிடைப்பதைவிடப் புரதம் நாலு மடங்குக்கு மேல், நார்ச்சத்தும் அதிகம்.

அரிசியைக் கடையில் வாங்கும் வீட்டில் மாதம் எட்டே முக்கால் கிலோ மிச்சமாகும், அது 525 ரூபாய். ரேஷன் அரிசி மட்டும் சமைக்கும் வீட்டுக்கு இந்த மிச்சம் இல்லை.

சோற்றைக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும் என்றால் பலகாரத்திலிருந்து தொடங்குங்கள். பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சமபங்கு போடுங்கள். இட்லி மாவுக்கு நாலுக்கு ஒன்று உளுந்து போடுபவர்கள் மூன்றுக்கு ஒன்று போடலாம். வாரம் இரண்டு முறை தோசைக்குப் பதில் அடை அல்லது பச்சைப்பயறு தோசை. அடைக்கு எண்ணெய் அதிகம் இழுக்கும், கல்லை மூடிவைத்து வேகவிட்டால் ஒரு கரண்டி போதும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது கேஸ். கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்தால் குக்கரில் இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும், ஊறாதது ஒரு மணி நேரமானாலும் விறைத்தே நிற்கும். பழைய கடலையும் உப்புத்தண்ணீரும் வேகவிடாது. அதற்காகச் சோடா உப்புப் போடுபவர்கள் தயமின் என்ற பி வைட்டமினை இழக்கிறார்கள். கொதிக்கவைத்து ஆறவைத்த நல்ல தண்ணீரில் ஊறவைப்பதே மேல். இரண்டாவது வாயுத்தொல்லை. முதல் இரண்டு வாரம் ஆளுக்கு 25 கிராம், வாரம் மூன்று நாள் என்று தொடங்கி, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வயிறு பழகிவிடும். பிறகு ஆளுக்கு 50 கிராம் வைத்து மாதம் 25 மாலை சுண்டல் செய்ய மேலே சொன்ன ஐந்து கிலோ சரியாக இருக்கும்.

முட்டையை வேகவைத்தே கொடுங்கள். ஒரு முட்டையில் 70 கலோரி. ஆம்லெட்டுக்கு ஊற்றும் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் 80. அரசுப் பள்ளிச் சத்துணவில் பள்ளி நாட்களில் முட்டை கிடைக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் விடுமுறை நாளுக்கு மட்டும் வாங்கினால் போதும். நிலக்கடலை ஆளுக்கு ஒரு சிறு கைப்பிடி, 12 கிராம்தான். அதை டப்பாவோடு மேசையில் வைத்தால் கணக்கு தப்பிவிடும். பூஞ்சை பிடித்ததை, கசப்பதை, சுருங்கிக் கறுத்ததைப் பொறுக்கிக் கொட்டிவிடுங்கள். அதில் இருக்கும் நச்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

முட்டை சாப்பிடாத வீட்டில் அந்த 780 ரூபாயைக் கொள்ளு, தயிர், கூடுதல் பயறு என்று பிரிக்கலாம். மாதம் ஒரு கிலோ ரேஷன் துவரம்பருப்பை மட்டும் எவரும் விட்டுவிடாதீர்கள், இந்த விலைக்குப் புரதம் வேறெங்கும் கிடைக்காது. புரதத்துக்கென்று டப்பாவில் விற்கும் பானங்களின் லேபிளில் 100 கிராமுக்கு 7 கிராம் புரதம், விலை கிலோ 450 என்று போட்டிருந்தால், ஒரு கிராம் புரதம் ஆறு ரூபாய்க்கு மேல் விழுகிறது.

வழி 3: காய்கறி, கீரை

37 கிலோ காய் வாங்கலாம். தோல், காம்பு, அழுகல் போக ஆளுக்கு நாளொன்றுக்கு 265 கிராம் தட்டுக்கு வரும். நார்ச்சத்து ஏறத்தாழ ஏழெட்டு கிராம் கூடும், கலோரி 70 மட்டும். வயிற்றில் இடத்தை அடைத்துக்கொண்டு கலோரியைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. இரும்பு, ஃபோலேட், வைட்டமின் ஏ எல்லாம் இந்தப் பக்கம்தான். உருளைக்கிழங்கைக் காயாகச் சேர்க்காதீர்கள், கணக்கில் அது தானியத்தின் பக்கம்.

விலை ஏற்ற இறக்கம்தான் இதில் பெரிய சிக்கல். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது, கூட்டுறவுக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. தக்காளி, வெங்காயம், பீன்ஸ், கேரட் என்று பட்டியலை இறுக்கிவைத்திருக்கும் வீடு இப்படிப்பட்ட மாதங்களில் காயையே நிறுத்திவிடும். பூசணி, சுரைக்காய், சௌசௌ, முள்ளங்கி, முட்டைக்கோஸ், வாழைத்தண்டு, அந்தந்தப் பருவத்தில் மலிந்திருப்பது எதுவோ அதை வாங்குபவர்களுக்குச் சராசரி 40-க்குள் அடங்கும். உழவர் சந்தை 1999-இல் மதுரையில் தொடங்கியது முதலே காலைச் சந்தைதான், எட்டு மணிக்கு முன் போனால்தான் நல்ல காய்.

நேரமும் செலவுதான். ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆய இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடம் யாருடையது என்று வீட்டில் பேசித் தீர்க்காமல் கீரை வாரம் மூன்று முறை வரும் என்று திட்டம் போடுவதில் பயனில்லை. அதேபோல், நாலு பேருக்கான பொரியலில் அரை மூடித் தேங்காயும் நாலு கரண்டி எண்ணெயும் இறங்கினால் காயின் கலோரியைவிடத் தாளிப்பின் கலோரி பெரிதாகிவிடும்.

வழி 4: செக்கு எண்ணெய்

சூரியகாந்தி எண்ணெய் லிட்டர் 160, செக்கு நல்லெண்ணெய் 420 என்றால், ஐந்து லிட்டருக்குக் கூடுதல் செலவு 1,300. புரதம் கூடாது, நார்ச்சத்து கூடாது, கலோரி ஒரு துளியும் குறையாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் லிட்டருக்கு ஏறத்தாழ 8,200 கலோரிதான். வாசனையும் ருசியும் உண்மை, அதற்காக வாங்குபவர்கள் வாங்கலாம். எடைக்காக வாங்குவது வீண்.

முழுக்கப் பாமாயிலில் சமைக்கும் வீடு மட்டும் வேறு கதை. பாமாயில் கொழுப்பில் ஏறத்தாழ பாதி, இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. அங்கே எண்ணெய் வகையை மாற்றுவது இதயத்துக்கு நல்லது, அது செக்கில் ஆட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 90 சதவீதம், செக்கில் ஆட்டினாலும் அது மாறாது.

ஐந்து லிட்டரை மூன்றரையாக்கினால் மாதம் 240 ரூபாய் மிச்சம், ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு கலோரி குறைவு. மூன்றரை லிட்டர் என்பது வழிகாட்டுதலில் சொன்ன 27 கிராம் அளவுதான். ஒன்றாம் தேதி மூன்றரை லிட்டரைத் தனியாக ஒரு தூக்கில் ஊற்றி வைத்து, அதற்கு மேல் அந்த மாதம் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். பாக்கெட்டிலிருந்து நேராகச் சட்டியில் சாய்ப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நான்கும் பக்கத்தில் பக்கத்தில்

ஆளுக்கு, நாளொன்றுக்கு, ஏறத்தாழ. வழி 2, 3-இல் சேரும் கலோரிக்கு ஈடாக அரிசியைக் குறைத்த பிறகான நிகரக் கணக்கு இது.

| | புரதம் | நார்ச்சத்து | குறைக்க வேண்டிய அரிசி | எங்கே தவறும் |
|---|---|---|---|---|
| சாமை (1,500) | +2.5 கி | +4.5 கி | அதே அளவு மாற்று | தீட்டிய தானியம், சிக்கு வாடை |
| கேழ்வரகு (680) | சற்றுக் குறையும் | +8.5 கி | அதே அளவு மாற்று | சர்க்கரை, சலிப்பது |
| பயறு, முட்டை (1,500) | +12 கி | +7.5 கி | 73 கி | அரிசியைக் குறைக்காமல் விடுவது |
| காய்கறி (1,500) | +4 கி | +7 கி | 20 கி | அழுகல், விலையேற்றம், தாளிப்பு |
| செக்கு எண்ணெய் (1,300) | இல்லை | இல்லை | இல்லை | கலோரி குறையும் என்ற நம்பிக்கை |

யாருக்கு எது

பெரும்பாலான வீடுகளுக்கு என் பரிந்துரை இரண்டாம் வழி. அரிசியில் மிச்சமாகும் 525, எண்ணெயில் மிச்சமாகும் 240, இரண்டையும் சேர்த்துக் காய்கறியில் போடுங்கள். 19 கிலோ காய், ஆளுக்குத் தினம் 135 கிராம். 1,500 ரூபாய் ஒதுக்கி 2,265 ரூபாய்க்கான மாற்றம் கிடைக்கிறது.

ஏற்கெனவே தினம் பருப்பும் முட்டையும் மீனும் சாப்பிடும் வீடு நேராகக் காய்கறிக்குப் போகலாம். இரும்புச்சத்துக் குறைவுள்ள பெண்கள் இருந்தால் கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள், சாப்பாட்டோடு டீ காபி வேண்டாம்.

ரேஷன் அரிசியை மட்டுமே நம்பியிருக்கும், 1,500 ஒதுக்க முடியாத வீட்டுக்கு 500 ரூபாய்த் திட்டம்: கேழ்வரகு 4 கிலோ (200), கொள்ளு 2 கிலோ (160), வாரம் ஒன்று அல்லது இரண்டு கீரைக்கட்டு (140). எண்ணெயைக் குறைப்பதற்குக் காசு வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொண்டு தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டவே கூடாது. பல் இல்லாத முதியவருக்குச் சுண்டல் வேண்டாம், அதே பயற்றை மசித்துக் கூட்டாகவோ கஞ்சியாகவோ கொடுங்கள்.

பலன் தெரிகிறதா என்று எடைக்கருவியைவிடத் தையல் டேப்பில் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை விட்ட நிலையில், விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேலுக்கும் நடுவே அளக்க வேண்டும். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. மாதம் ஒரு முறை குறித்துவையுங்கள். மூன்று மாதம் ஆகியும் அளவு அசையவில்லை என்றால், முதலில் சரிபார்க்க வேண்டியது அந்த மாதம் அரிசி எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை லிட்டர் தீர்ந்தது என்பதை.